பதினோராவது வராகன்

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு சிவசக்தி உப்புமாவுக்கு ரவை வறுத்துக்கொண்டிருந்தபோது வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அண்ணாமலை நகரில், அதுவும் பல்கலைக்கழகத் தேர்வுப் பிரிவில் கண்காணிப்பாளராக இருக்கிறவள் வீட்டு வாசலில், ஞாயிற்றுக்கிழமை கார் வந்து நின்றால் உள்ளே இருப்பது யார் என்று சொல்ல ஜோசியம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிள்ளைக்கு நாலு மார்க்கில் போய்விட்டது, ஏதாவது வழி இருக்கிறதா என்று கேட்க வரும் அப்பாக்கள்தான். "நான் ஊர்ல இல்லன்னு சொல்லிடுங்க" என்று அடுப்படியிலிருந்தே குரல் கொடுத்தாள். அந்தக் குரல் தெருமுனை வரை கேட்டிருக்கும் என்பது அவளுக்கும் தெரியும். மேலவீதியில் மருந்துக்கடை வைத்திருக்கும் அவள் கணவர் கௌரிசங்கர் மடித்துக் கட்டிய லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு போனார். போன வேகத்திலேயே திரும்பி வந்தார்.

"மார்க்குக்கு வரல. காசுக்கு வந்திருக்காங்க. கடலூர் சிங்காரம் அனுப்பினாராம்."

சிவசக்தி கரண்டியைக் கீழே வைத்தாள். சிங்காரம் திருப்பாதிரிப்புலியூரில் பழைய நாணயக் கடை வைத்திருப்பவர். கடை என்றால் ஒரு மேசை, ஒரு பீரோ, அதற்குப் பின்னால் சிங்காரம், அவ்வளவுதான். அந்த மேசைக்கு முன்னால் போய் உட்கார்கிறவர்கள் எல்லாரும் ஆண்கள். இருபத்திரண்டு வருஷமாக அங்கே போய் உட்காரும் ஒரே பெண் சிவசக்தி. ஆரம்பத்தில் சிங்காரம், "வீட்டுக்காரர் வரலையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டு, நல்ல காசு எது வந்தாலும் முதல் போனை அவளுக்கே போட ஆரம்பித்தார்.

அந்த நாணயப் பைத்தியம் பிடித்த கதை சின்னதுதான். கம்மலுக்குத் திருகாணி மாற்றப்போன இடத்தில், பத்தர் உருக்குவதற்காக ஒதுக்கி வைத்திருந்த துண்டு துணுக்குகளுக்கு நடுவே துவரம்பருப்பில் பாதி அளவுக்கு ஒன்று மின்னியது. அதில் ஏதோ கோடு கோடாக இருந்தது. என்ன என்று கேட்டாள். "பணம்மா, பழைய பணம்" என்றார் பத்தர். பணம் என்றால் நமக்கெல்லாம் ரூபாய். சிவசக்திக்கு அன்றிலிருந்து பணம் என்றால் அந்தத் துளித் தங்கம்தான், அந்தக் காலத்துக் கடைத்தெருவில் நெல்லுக்கும் துணிக்கும் கைமாறிய தங்கம். இப்போது அவளிடம் பன்னிரண்டு பணமும், விஜயநகரத்து அரை வராகன் ஒன்றும், எல்லாவற்றுக்கும் மகுடமாக ஒரு பரங்கிப்பேட்டை வராகனும் இருக்கின்றன. வராகன் புளியங்கொட்டையை விடக் கொஞ்சம் சின்னது, ஆனால் நல்ல தடி. ஒரு பக்கம் பெருமாள் நிற்பார், மறு பக்கம் முழுக்க மணலை அள்ளித் தெளித்தாற்போல் புள்ளி. இங்கிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய பரங்கிப்பேட்டையின் பெயரைச் சொல்லும் காசு. பதினோரு வருஷத்துக்கு முன் சம்பள அரியர்ஸ் வந்தபோது அதை வாங்கினாள். அந்த வருஷம் வீட்டுக்கு வந்திருக்க வேண்டிய ஃபிரிட்ஜ் வரவில்லை.

நாத்தனார் பார்வதத்துக்கு இதெல்லாம் தாங்கவே தாங்காது. "ஊர்ல பொம்பளைங்க தங்கம் வாங்குறாங்க, கழுத்துல போடுறாங்க. இவ வாங்குற தங்கத்தப் பாக்கவே பூதக்கண்ணாடி வேணும்" என்பாள். சிவசக்தி அதற்கும் சிரித்துவிட்டுப் போவாள். தனக்குச் சந்தோஷம் தருவது எது என்று ஐம்பது வயதுக்குள் ஒருத்திக்குத் தெரிந்துவிட்டால், அப்புறம் ஊர் பேசுவது பெரிதாகக் காதில் விழாது.

வந்தவர்கள் இரண்டு பேர். பெரியவர் ஜமாலுதீன், கடலூர் முதுநகரில் ஜவுளிக்கடைக்காரர், சிரித்த முகம், வெள்ளை வேட்டியில் ஒரு சுருக்கம் இல்லை. கூட வந்தவன் அவருடைய அக்கா மகன் யாசர். ஷார்ஜாவில் லிஃப்ட் கம்பெனியில் இருக்கிறான், கல்யாணத்துக்காக ஒரு மாதம் லீவில் வந்திருக்கிறான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். பெண் பரங்கிப்பேட்டை. ஜமாலுதீன் முதலில் பத்திரிகையை எடுத்துத் தட்டில் வைத்தார், அதன் மேல் ஒரு டப்பா அல்வாவை வைத்தார், அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தார்.

"எங்கள்ல மாப்பிள்ளைதான் பொண்ணுக்கு மஹர் குடுக்கணும் மேடம். அது என்னான்னு பொண்ணு வீட்டுல கேப்பாங்க. கேட்டத குடுத்துடணும். பொண்ணு வீட்டுலேர்ந்து லெட்டர் வந்துச்சு. இதப் பாருங்க."

போனில் இருந்த படத்தை அவள் பெரிதாக்கிப் பார்த்தாள். பழைய பாணி எழுத்தில், 'மஹர்: வராகன் 11, எங்கள் குடும்ப வழக்கப்படி' என்று எழுதியிருந்தது.

"பதினொண்ணா?" சிவசக்தி உட்கார்ந்துவிட்டாள். "பாய், பதினோரு வராகன ஒரே எடத்துல வெச்சிருக்கிற ஆள நான் கேள்விப்பட்டதே இல்ல. என்கிட்ட ஒண்ணு இருக்கு. அதுக்கே எனக்குப் பத்து வருஷம் ஆச்சு."

"தெரியும் மேடம். சிங்காரம் சொன்னாரு. அல்ஹம்துலில்லாஹ், எங்களுக்குப் பத்து கெடச்சிடுச்சு."

ஜமாலுதீன் ஜிப்பா பையிலிருந்து ஒரு சுருக்குப் பையை எடுத்து, மேசைத்துணியின் மேல் மெல்லச் சாய்த்தார். பத்து வராகன்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து விழுந்தன. அடுப்பில் ரவை தீய்ந்துகொண்டிருந்தது. வாசனை கூடம் வரை வந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை, கடைசியில் கௌரிசங்கர்தான் போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தார்.

மனுஷிக்குச் சந்தோஷம் எப்படி எப்படியோ வரும். சிவசக்திக்கு அன்றைக்கு அது மேசைத்துணியின் மேல் பத்தாக வந்து விழுந்தது. பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒன்றில் பெருமாளுக்குத் தோள் அகலம், ஒன்றில் கிரீடம் பாதி வெளியே போயிருந்தது. ஒன்று கைபட்டுக் கைபட்டு முகமே தேய்ந்து போயிருந்தது. ஆற்காட்டு நவாபு அடித்த வராகனிலும் இதே பெருமாள்தான் என்று அவள் சொன்னபோது ஜமாலுதீன், "அப்ப சரி. நவாபே ஒண்ணும் சொல்லல, நாம என்னா சொல்லப் போறோம்" என்று சிரித்தார். சென்னையில் மூன்று, பாண்டிச்சேரியில் நான்கு, கோயம்புத்தூரில் இரண்டு, சிங்காரத்திடம் ஒன்று. பத்து நாளில் சேர்த்திருக்கிறார்கள். ஆயுசு பூராவும் சேர்க்கிறவர்கள் கேட்டால் வயிறு எரிவார்கள்.

"ஏன் பாய், இவ்ளோ கஷ்டப்படறதுக்கு, பொண்ணு வீட்டுல ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே?"

"நானும் அதான் மேடம் சொன்னேன். இவன் கேக்க விடல."

அதுவரை அல்வா டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்த யாசர் நிமிர்ந்தான். "மஹர்ல திருப்பி ஒரு கேள்வி கேட்டாலே பேரம் பேசற மாதிரி ஆயிடும் மேடம். அசிங்கம். அதுவும் இல்லாம..." கொஞ்சம் நிறுத்தினான். காது சிவந்தது. "எல்லாரும் செயின் கேப்பாங்க, வளையல் கேப்பாங்க. அவங்க அவங்க ஊருக் காச கேட்டிருக்காங்க. எவ்ளோ யோசிச்சிருந்தா அப்புடிக் கேக்கத் தோணும். ஒண்ணு கொறச்சலா போயி நிக்க எனக்கு மனசு வரல."

சிவசக்தி எழுந்து உள்ளே போய், பீரோவைத் திறந்து, தன்னுடைய வராகனை எடுத்துக்கொண்டு வந்தாள். கொடுப்பதற்கு இல்லை. பக்கத்தில் வைத்துப் பார்ப்பதற்குத்தான். மேசைத்துணியில் பத்துக்கும் கடைசியில் அதை வைத்தாள். பதினொன்றும் வரிசையாக இருந்தன. நால்வரும் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அவள் தன்னுடையதை எடுத்து உள்ளங்கையில் மூடிக்கொண்டாள்.

"நாளைக்குச் சொல்றேன் பாய்" என்றாள்.

"நல்லா யோசிச்சு சொல்லுங்க தங்கச்சி. வெல ஜாஸ்தியானாலும் பரவால்ல. இல்லன்னாலும் வருத்தமில்ல, கல்யாணத்துக்குக் கண்டிப்பா வந்துடணும்." மேடம் எப்போது தங்கச்சி ஆனாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. ஜவுளிக்கடைக்காரர்களுக்கு அது கைவந்த கலை.

அன்று சாயங்காலம் வழக்கம்போல இருவரும் கீழவீதிப் பக்கம் நடந்தார்கள். பூக்கடையில் நின்றபோது கௌரிசங்கர் கேட்டார், "என்னா, குடுக்கப் போறியா?"

"தெரியல."

"அப்ப குடுக்க மாட்ட."

"அந்தப் பையன் மொகத்தப் பாத்தீங்கள்ல?"

"அப்ப குடுத்துடுவ."

அவளுக்குக் கோபம் வந்தது. ஒரு முழம் மல்லிகையை வாங்கி வைத்துக்கொண்டு, அவருக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். கொடுக்க மனசில்லை. அதுதான் உண்மை. அந்தக் காசு அவளுக்கு யாரும் கொடுத்ததில்லை. அப்பா போட்டு அனுப்பியதில்லை, கணவர் வாங்கித் தந்ததில்லை, சீர் வரிசையில் வந்ததில்லை. அவளாகத் தேடி, அவளாகக் கண்டுபிடித்து, ஃபிரிட்ஜை விட்டுக்கொடுத்து அவளாக வாங்கியது. அவள் பெயருக்கு வீட்டில் எத்தனையோ இருந்தாலும், அவளுக்கே அவளுக்கு என்று இருந்தது அது ஒன்றுதான். அதே சமயம் ஒரு கல்யாணத்தில் ஒரு பையன் பத்தோடு போய் நின்று தலைகுனிவதற்குத் தான் காரணமாக இருப்பதா என்றும் இருந்தது. மனசு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் போய்ப் போய் வந்தது. ஒரு வழியாக, 'மன்னிச்சுக்குங்க பாய்' என்று எப்படி ஆரம்பிப்பது என்று யோசிக்கத் தொடங்கியபோதுதான், தான் முடிவெடுத்துவிட்டோம் என்று அவளுக்கே புரிந்தது. வெட்கமாக இருந்தது. ஆனால் மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை.

மறுநாள் ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டு நேரம். அவள் பிரிவில் உதவியாளராக இருக்கும் சாய்ரா பரங்கிப்பேட்டையிலிருந்து தினமும் வந்து போகிறவள். முப்பத்தைந்து வயது இருக்கும். டப்பாவைத் திறந்தாலே ஆபீஸ் முழுக்க மசாலா மணக்கும். மீன் குழம்பைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தவளிடம், யார் பெயரையும் சொல்லாமல், சும்மா கேட்கிற மாதிரி சிவசக்தி கேட்டாள்.

"ஏம்மா சாய்ரா, உங்க ஊர்ல மஹருக்கு வராகன் கேக்குற வழக்கம் உண்டா?"

"சில வீடுங்கள்ல உண்டு மேடம். எங்க தெருவுலயே நாலஞ்சு வீடு. எனக்கே ஏழு வராகன்தான்."

சிவசக்திக்குக் கையில் இருந்த தயிர்சாதம் அப்படியே நின்றது. "ஏழு வராகனா? உன்கிட்ட ஏழு வராகன் இருக்கா?"

"காசு இல்ல மேடம். அதெல்லாம் எங்க இருக்கு. வராகனெடை. பழைய கணக்கு. ஏழு வராகன்னு எழுதுவாங்க, ஏழு வராகன் எடைக்குத் தங்கமாப் போட்டுடுவாங்க. எனக்கு ஒரு செயினும் ரெண்டு வளையலும் வந்துச்சு." குழம்பிலிருந்து ஒரு முள்ளை எடுத்து ஓரமாக வைத்தாள். "வராகன்னா என்னான்னு எங்கள்ல ஒருத்தருக்கும் தெரியாது மேடம். சும்மா பேருதான். ஏன் கேக்குறீங்க?"

வராகனெடை. எப்படித் தோன்றாமல் போயிற்று. சிங்காரத்துக்கும் தோன்றவில்லை, சென்னையில் இருந்து கோயம்புத்தூர் வரை ஒரு வியாபாரிக்கும் தோன்றவில்லை, நாணயத்தில் ஊறிப்போன தனக்கும் தோன்றவில்லை. வராகன் என்ற வார்த்தையைக் கேட்டாலே காசுக்காரர்களின் கண்ணுக்குக் காசுதான் தெரிகிறது. வேறு யாராவது ஒரு சாதாரண மனிதரைக் கேட்டிருந்தால், ஒரு பத்தரைக் கேட்டிருந்தால், ஒரு நிமிஷத்தில் சொல்லியிருப்பார்.

சாப்பாட்டை அப்படியே மூடிவைத்துவிட்டு வராந்தாவுக்குப் போய் ஜமாலுதீனுக்குப் போன் போட்டாள். உண்மையைச் சொல்வது இவ்வளவு சௌகரியமாக அமைவது எப்போதோ ஒரு தடவைதான். அவர்களுக்கும் நிம்மதி, பெண் வீட்டுக்கும் மரியாதை, அவளுடைய காசும் அவளிடமே.

எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். ஜமாலுதீன் மெதுவாகக் கேட்டார், "அப்ப நாங்க பத்து நாளா மெட்ராஸு, பாண்டி, கோயம்புத்தூருன்னு அலைஞ்சது?"

"எடைக்குத் தங்கம் எடுத்திருந்தா போதும் பாய். உங்க கடைக்கு எதிர்த்த கடையிலயே."

அதற்கப்புறம் வந்த சிரிப்பு சிவசக்தி வாழ்க்கையில் போனில் கேட்டதிலேயே பெரியது. அவர் சிரித்து, பக்கத்தில் இருந்தவர்களிடம் சொல்லி, அவர்கள் சிரித்து, ஒரு பெண் குரல் 'யா அல்லாஹ்' என்று சொல்லிக்கொண்டே சிரிக்க, அவளும் வராந்தாவில் தனியாக நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். மறுமதிப்பீட்டுப் படிவத்தோடு வந்த இரண்டு மாணவிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு திரும்பிப் போனார்கள். கடைசியில் யாசர் போனை வாங்கினான்.

"மேடம், ஒரு வராகன் காசோட எடை எவ்ளோ?"

"அதேதான்ப்பா. ஒரு வராகனெடை. அந்தக் காச வெச்சுதான் அந்த எடையே வந்துச்சு."

"அப்ப இந்தப் பத்தும் பத்து வராகனெடைதான?" அவன் குரலில் ஒரு துளி ஏமாற்றம் இல்லை. "நான் இதையே குடுக்கறேன் மேடம். அவங்க காசா கேக்கலன்னாலும் நான் காசாதான் தேடினேன். பதினொண்ணாவதுக்கு மட்டும் கடையில ஒரு துண்டுத் தங்கம் எடுத்து வெச்சுடறோம். உங்களது உங்ககிட்டயே இருக்கட்டும். கல்யாணத்துக்கு மட்டும் வந்துடுங்க."

அவ்வளவுதான். பிரச்சினை தீர்ந்தது. அன்று சாயங்காலம் சிவசக்தி ஒரு கிலோ ஜிலேபி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். கௌரிசங்கரிடம் கதையை மூன்று தடவை சொன்னாள். பார்வதத்துக்குப் போன் போட்டு அவளிடமும் சொன்னாள். பீரோவைத் திறந்து வராகனை எடுத்து வைத்துப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமையும் எடுத்துப் பார்த்தாள். புதன்கிழமையும் பார்த்தாள். ஏதோ சரியில்லை. காசு மாறவில்லை. பெருமாள் அதே இடத்தில் நின்றார், புள்ளிகள் அதே புள்ளிகள். ஆனால் பதினோரு வருஷமாக 'என்னிடம் ஒரு வராகன் இருக்கிறது' என்று இருந்தது, இப்போது 'ஒன்றுதான் இருக்கிறது' என்று ஆகிவிட்டது. அந்த மேசைத்துணியில் பத்து நிமிஷம் பதினொன்று கிடந்ததைப் பார்த்ததுதான் வினை. சேகரிக்கிறவர்களுக்கு இது ஒரு வியாதி. ஒரு வரிசை முழுசாக இருந்ததை ஒரு தடவை கண் பார்த்துவிட்டால், அப்புறம் அதில் விழுந்திருக்கும் ஓட்டை ராப்பகலாக உறுத்தும், அது யார் வீட்டு வரிசையாக இருந்தாலும் சரி. வெள்ளிக்கிழமை கௌரிசங்கர், "ஒடம்பு சரியில்லயா?" என்று கேட்டார். "ஒண்ணுமில்ல" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பும்போது வராகனைக் கைப்பையில் வைத்துக்கொண்டாள்.

"அது எதுக்கு?" என்றார் கௌரிசங்கர்.

"பதினொண்ணையும் ஒண்ணா வெச்சு ஒரு போட்டோ எடுத்துக்கறேன். இனிமே இந்த மாதிரி எங்க பாக்கப் போறேன்."

அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். முப்பது வருஷத்துப் பார்வை. வண்டியைக் கிளப்பினார்.

பரங்கிப்பேட்டையில் கல்யாண மண்டபத்து வாசலில் ஜமாலுதீன் பன்னீர்ச் செம்போடு நின்றிருந்தார். அவர்களைப் பார்த்ததும் செம்பை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டு, "வாங்க மச்சான், வாங்க தங்கச்சி" என்று மாப்பிள்ளை அறைக்கே அழைத்துக்கொண்டு போனார். கௌரிசங்கர் மச்சானாகிவிட்டிருந்தார். யாசர் ஷெர்வானியில் வியர்த்து வழிந்துகொண்டிருந்தான். மேசை மேல் பச்சை வெல்வெட் பெட்டி. ஜமாலுதீன் அதைத் திறந்து காட்டினார். பதினோரு குழி வைத்து அதற்கென்றே செய்யச் சொல்லியிருக்கிறார்கள். பத்துக் குழிகளில் பத்து வராகன். பதினோராவது குழியில், நகைக்கடையில் அன்றைக்குத்தான் பிறந்த மாதிரிப் பளபளவென்று ஒரு வட்டத் துண்டு, நடுவில் 916 என்று முத்திரை.

சிவசக்திக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். தன் காசு கையைவிட்டுப் போவதை நினைத்து ஒரு சாயங்காலம் முழுக்கத் தவித்தவள், இந்த ஒரு துண்டுத் தங்கம் அந்த வரிசையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அதைவிட அதிகமாகத் தவித்தாள். போட்டோ எடுக்கப் போனை எடுத்தாள், எடுக்காமல் உள்ளே வைத்தாள். கைப்பையைத் திறந்தாள். அந்த 916-ஐ நகத்தால் நெம்பி எடுத்துவிட்டு, தன்னுடைய வராகனை அந்தக் குழியில் வைத்து விரலால் ஒரு அழுத்து அழுத்தினாள்.

"மாத்திக்கலாம் பாய். எட சரியா இருக்கும்."

ஜமாலுதீன் பதறிப்போனார். "தங்கச்சி, வேணாம். அது எப்புடி. இதே போதும்னு ஆயிடுச்சே, இப்ப எதுக்கு..."

"போதும்னு ஆனதாலதான் பாய்" என்றாள். அதற்கு மேல் எப்படி விளக்குவது என்று அவளுக்குத் தெரியவில்லை. வேண்டும் என்று கேட்டபோது அது அவளிடமிருந்து பிடுங்குவதாக இருந்தது. யாரும் கேட்காதபோது அது எங்கே இருக்க வேண்டுமோ அங்கே போய் உட்கார்கிற மாதிரி இருந்தது.

யாசர் அந்த வராகனைத் திரும்ப எடுத்துக் கொடுக்கக் குனிந்தான். கௌரிசங்கர் அவன் தோளில் தட்டினார். "குடுக்கறப்ப வாங்கி மூடிடுப்பா. ரெண்டு நிமிஷம் போச்சுன்னா மனசு மாறிடுவா."

பெண்கள் பகுதி மாடியில். சாய்ரா படியிலேயே அவளைப் பிடித்துக்கொண்டாள். "மேடம், அன்னைக்கு நீங்க கேட்டது அர்ஃபா கல்யாணத்துக்கா? சொல்லவே இல்லையே" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் முன்வரிசையில் உட்கார வைத்தாள். மல்லிகையும் அத்தரும் பிரியாணியும் கலந்த காற்று. மணமகள் அர்ஃபா தலையைக் குனிந்திருக்க வேண்டியவள், அடிக்கடி நிமிர்ந்து கூட்டத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே நிக்காஹ் நடப்பது ஒலிபெருக்கியில் கேட்டது. நிக்காஹ் நடத்திவைத்த ஹஜ்ரத் 'பதினோரு வராகன் மஹருக்கு' என்று சொன்னபோது மாடியில் ஒருவரும் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை. அந்த வீட்டுக் கல்யாணங்களில் எப்போதும் கேட்கிற வார்த்தைதான். சிவசக்திக்கு மட்டும் மயிர்க்கூச்செறிந்தது.

யாசரின் அம்மா வந்து கருகமணியைக் கட்டிவிட்டு, வெல்வெட் பெட்டியை மருமகள் மடியில் வைத்தாள். அர்ஃபா திறந்தாள். வளையலையோ ஆரத்தையோ எதிர்பார்த்திருந்தவள், கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"உம்மா, இது என்னாம்மா?"

அர்ஃபாவின் அம்மா அமீனா பீவி எட்டிப் பார்த்தாள். சாய்ரா எட்டிப் பார்த்தாள். யாருக்கும் தெரியவில்லை. சிவசக்திதான் சொன்னாள், "வராகன்ம்மா. இதுதான் வராகன்."

அமீனா பீவி ஒரு காசை எடுத்து, வெளிச்சத்துக்குத் திருப்பி, இரண்டு பக்கமும் பார்த்தாள். "இம்புட்டுதானா" என்றாள். சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "என் நிக்காஹ்ல எங்க அத்தா ஒம்போது வராகன்னு கையெழுத்துப் போட்டாங்க. உள்ளேர்ந்து கேட்டேன். இன்னைக்கு வரைக்கும் அது என்னான்னு பாத்ததில்ல." அந்தக் காசைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்தாள். அவள், "எனக்குப் பதினொண்ணு" என்றாள். அடுத்தவள், "எனக்கு அஞ்சுதான், அப்ப எங்கூட்டுல கஷ்டம்" என்று சொல்லி உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள். அர்ஃபா பெட்டியை அப்படியே பாயில் கவிழ்த்துவிட்டாள். பதினொன்றும் பதினோரு திசையில் கிளம்பின. மருதாணிக் கைகள், பிரியாணி சாப்பிட்டுவிட்டு அரைகுறையாகக் கழுவிய கைகள், வளையல் நிறைந்த கைகள், நரம்பு தெரியும் கைகள்.

சிவசக்தி பாதி எழுந்துவிட்டாள். பதினோரு வருஷமாக விளிம்பைத் தவிர வேறெங்கும் விரல் படாமல் பிடித்துப் பார்த்த காசு அந்தக் கூட்டத்தில் எங்கோ போய்க்கொண்டிருந்தது. எந்தக் கையில் என்று கண்ணால் துரத்திப் பார்த்தாள், இரண்டாவது வரிசையில் தவறவிட்டாள். 'பாத்து, பாத்து' என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. எல்லாரும் ஒருவருக்கொருவர் தங்கள் எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏழு, ஒன்பது, மூன்று, பதினொன்று. இத்தனை வருஷமாக வெறும் எண்ணாக இருந்தது இப்போது கைக்குள் கனமாக வந்திருந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன, எதை அடக்குவது என்று தெரியவில்லை.

பின்வரிசையிலிருந்து ஒரு காசு சுற்றிக்கொண்டு அவள் கைக்கு வந்து சேர்ந்தது. யார் யார் கையிலோ இருந்துவிட்டு வந்ததில் அது சூடாக இருந்தது. கொஞ்சம் எண்ணெய்ப் பிசுக்கு. திருப்பிப் பார்த்தால் தன்னுடையதா என்று ஒரு நொடியில் தெரிந்துவிடும். அவள் திருப்பவில்லை. உள்ளங்கையை இறுக்கி மூடி, விரல்களுக்குள் அதன் தடிமனை உணர்ந்துகொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண், மடியில் தூங்கும் குழந்தையை இடது கையால் அணைத்துக்கொண்டு, வலது கையை முந்தானையில் அழுத்தித் துடைத்துவிட்டு நீட்டினாள்.